தண்ணீர் சுமக்கும் குழந்தையின் பாரத்தைக் குறைப்பது எப்படி: உகாண்டா கிராமங்களில் பணிபுரியச் செல்வோருக்கு

உகாண்டாவின் கிராமச் சாலை ஒன்றில் விடியற்காலையில் நின்று பார்த்தால், ஒரு காலத்தில் சமையல் எண்ணெய் வந்திறங்கிய மஞ்சள் நிற 20 லிட்டர் பிளாஸ்டிக் கேன்களுடன் குழந்தைகள் நடந்து போவதைக் காணலாம். ஜெர்ரி கேன் என்று ஊரெங்கும் அழைக்கப்படும் அந்தக் கேன்தான் அங்கே தண்ணீரின் அளவுகோல். வீட்டில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று கேட்டால் பதில் கேன் கணக்கில்தான் வரும். நிரம்பிய கேன் 20 கிலோவுக்குச் சற்று மேல் இருக்கும். அதைத் தூக்கும் பத்து வயதுச் சிறுமியின் எடையே பெரும்பாலும் 25 முதல் 30 கிலோவுக்குள்தான்.

சஹாராவுக்குத் தெற்கே உள்ள 24 நாடுகளின் குடும்பக் கணக்கெடுப்புகளைச் சேர்த்துப் பார்த்து 2016இல் வெளியான ஓர் ஆய்வு, ஒரு நடைக்கு 30 நிமிடத்துக்கு மேல் ஆகும் வீடுகளில் மட்டும் சுமார் 33 லட்சத்து 60 ஆயிரம் குழந்தைகள் தண்ணீர் எடுக்கும் பொறுப்பில் இருப்பதாகக் கணக்கிட்டது. அவர்களில் பெண் குழந்தைகளே அதிகம். அதே வகை வீடுகளில் இந்த வேலையைச் செய்யும் பெண்களின் எண்ணிக்கை 1 கோடியே 35 லட்சம் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும், ஏனென்றால் குழந்தையின் கையிலிருந்து கேனை வாங்கித் தாயின் தலையில் ஏற்றிவிட்டு வேலை முடிந்தது என்று சொல்லிவிட முடியாது.

இந்தக் குறிப்புகள் ஆசிரியராகவோ பொறியாளராகவோ தொண்டராகவோ அங்கே செல்லும் தமிழருக்கானவை. ஊரில் இருந்தபடியே ஒரு கிணற்றுக்குப் பணம் அனுப்ப நினைப்பவருக்கும் உதவும். உகாண்டாவை மனத்தில் வைத்து எழுதியிருந்தாலும், கென்யா, மலாவி, எத்தியோப்பியா கிராமங்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். பலரும் நேரே கிணறு தோண்டுவதில் தொடங்கிவிடுகிறார்கள். குழந்தையோடு ஒரு நாள் நடந்து பார்த்த பிறகு எதைச் செய்வது என்று முடிவெடுங்கள் என்பதே நான் வற்புறுத்தும் ஒரே விஷயம். மற்றவை எல்லாம் அதிலிருந்து வருபவை.

முதல் வேலை: ஒரு நடையை அளப்பது

கிராமத்துக்குள் நுழைந்ததும் எல்.சி.1 என்று அழைக்கப்படும் கிராம மன்றத் தலைவரைப் பார்த்து, வந்த காரணத்தைச் சொல்லி, அனுமதி பெறுங்கள். பிறகு நீங்கள் பின்தொடரப் போகும் குழந்தைகளின் பெற்றோரிடமும், குழந்தைகளிடமும் தனித்தனியே சம்மதம் கேளுங்கள். ஊர்ப் பெண் ஒருவர் உடன் வராமல் குழந்தைகளோடு நடக்கக் கூடாது. கேமராவை வெளியே எடுக்க வேண்டாம். கிழிந்த சட்டையும் மஞ்சள் கேனுமாக ஒரு சிறுமியின் படம் நன்கொடை திரட்ட உதவலாம். அவளுக்கு அதனால் ஒரு நன்மையும் இல்லை, சில வேளைகளில் அவமானமும் உண்டு.

ஒரு நோட்டுப் புத்தகமும் கைக்கடிகாரமும் போதும். வீட்டைவிட்டுக் கிளம்பிய நேரம், தண்ணீர் இருக்கும் இடத்தை அடைந்த நேரம், வரிசையில் முறை வந்த நேரம், கேன் நிரம்பிய நேரம், வீடு திரும்பிய நேரம் ஆகிய ஐந்தையும் எழுதுங்கள். அன்றைக்கு அந்த வீட்டுக்கு எத்தனை நடை ஆனது, ஒவ்வொரு நடையிலும் யார் எத்தனை லிட்டர் கொண்டுவந்தார்கள், அந்தத் தண்ணீர் எதற்குச் செலவானது என்பதையும் மாலையில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பள்ளி நாளில் ஒருமுறை, விடுமுறை நாளில் ஒருமுறை, சந்தை நாளில் ஒருமுறை எனக் குறைந்தது மூன்று நாட்களாவது அளக்க வேண்டும். உகாண்டாவின் பெரும்பகுதியில் மார்ச் முதல் மே வரையும் செப்டம்பர் முதல் நவம்பர் வரையும் மழைக்காலம். மழைக்காலத்தில் அளந்துவிட்டுத் திட்டம் போட்டால் கணக்கு முழுதும் தவறிப்போகும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான வறட்சியில் அருகிலுள்ள ஊற்றுகள் வற்றி, குழந்தைகள் இரண்டு மடங்கு தூரம் நடக்கும் ஊர்கள் உண்டு.

அளந்ததை எப்படிப் படிப்பது என்பதற்கு ஒரு கற்பனைக் கணக்கைப் பார்க்கலாம். ஆறு பேர் உள்ள வீடு. பேரிடர்க் காலங்களில் உதவி அமைப்புகள் பின்பற்றும் ஸ்பியர் அளவுகோல், ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் வேண்டும் என்கிறது. அதன்படி 90 லிட்டர், அதாவது நான்கரை கேன். போவதற்கு 20 நிமிடம், வரிசையில் 50 நிமிடம், நிரப்புவதற்கு 5 நிமிடம், பாரத்தோடு திரும்புவதற்கு 30 நிமிடம் என்றால் ஒரு நடைக்கு 1 மணி 45 நிமிடம். ஒருவரே எல்லா நடையும் நடந்தால் ஏறத்தாழ 8 மணி நேரம் போய்விடும். அந்த வீட்டில் நான்கு பேர் கேன் தூக்குவதற்கும், பள்ளி மணி அடித்த பிறகு அந்தச் சிறுமி வகுப்புக்குள் நுழைவதற்கும் இந்த எளிய பெருக்கலே காரணம்.

உலக சுகாதார நிறுவனமும் யுனிசெபும் சேர்ந்து நடத்தும் கண்காணிப்புத் திட்டத்தில், பாதுகாப்பான நீராதாரமாக இருந்தாலும் போய், வரிசையில் நின்று, திரும்பிவர 30 நிமிடத்துக்கு மேல் ஆனால் அது அடிப்படைச் சேவை என்ற தகுதியை இழந்து, வரையறைக்குட்பட்ட சேவை என்று கீழிறங்கிவிடும். உங்கள் நோட்டில் உள்ள ஒவ்வொரு நடையையும் இந்த 30 நிமிடக் கோட்டோடு ஒப்பிடுங்கள்.

வரிசைக்கு ஒரு மருந்து, தூரத்துக்கு வேறு மருந்து

மேலே சொன்ன கணக்கில் பாதி நேரத்தைத் தின்பது வரிசைதான். இந்த வீட்டுக்காக 500 மீட்டர் பக்கத்தில் புதிய கிணறு தோண்டினால் நடை குறையும். ஆனால் ஊரே அந்தப் புதிய கிணற்றுக்கு வந்தால் வரிசை அப்படியே இருக்கும். வரிசை நீளமாக இருப்பதற்குப் பெரும்பாலும் காரணம், பக்கத்து ஊரில் ஓர் அடிகுழாய் பழுதாகிக் கிடப்பது. ஆப்பிரிக்காவின் கிராம அடிகுழாய்களில் மூன்றில் ஒரு பங்கு எந்த நேரத்திலும் வேலை செய்யாமல் கிடக்கின்றன என்று 2009இல் கிராமப்புற நீர் வழங்கல் வலையமைப்பு ஒன்று தொகுத்த மதிப்பீடு இத்துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. ஆகவே புதிய துளை போட முடிவெடுக்கும் முன், சுற்றிலும் 3 கிலோமீட்டருக்குள் எத்தனை அடிகுழாய்கள் உள்ளன, அவற்றில் எத்தனை ஓடுகின்றன என்று ஒரு வரைபடம் போடுங்கள். ஒன்றைப் பழுது பார்க்கும் செலவு புதிதாகத் துளையிடும் செலவில் ஒரு சிறு பகுதியே.

இந்த இடத்தில் தமிழருக்கு ஒரு வசதி இருக்கிறது. உகாண்டாவில் யு2, யு3 என்ற பெயர்களில் நிற்கும் அடிகுழாய்கள் நம் ஊர்த் தெருமுனைகளில் நின்ற இந்தியா மார்க் 2, மார்க் 3 அடிகுழாய்களின் வழிவந்தவை. 1970களில் யுனிசெப் உதவியோடு உருவான மார்க் 2, சென்னையில் இருந்த ரிச்சர்ட்சன் அண்ட் குருடாஸ் என்ற அரசுத்துறை ஆலையில் பெருமளவில் தயாரானது. 1980களில் கோயம்புத்தூர்ப் பகுதிக் கிராமங்களில் நடந்த களச் சோதனைகளிலிருந்து மார்க் 3 பிறந்தது. மார்க் 2இல் உள்ளே தேய்ந்த வாஷரை மாற்றக்கூட நிலத்தடிக் குழாய் முழுவதையும் வெளியே இழுக்க வேண்டியிருந்தது. குழாயை இழுக்காமலேயே பிஸ்டனை மேலே எடுத்துவிடலாம் என்பது மார்க் 3இன் சிறப்பு. சிறுவயதில் தெருக்குழாயின் கைப்பிடியில் தொங்கி ஆடியவர்களுக்கு அந்த இயந்திரத்தின் சத்தமே பழக்கமானது.

அடிகுழாய் நலமாக இருக்கிறதா என்று அறிய மெக்கானிக் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இரண்டு சோதனைகளை ஊர்ச் சிறுவர்களே செய்யலாம். தண்ணீர் சீராக வரத் தொடங்கிய பிறகு முழு வீச்சில் 40 முறை அடித்து, வந்ததை அளந்து பாருங்கள். நல்ல குழாயில் 12 முதல் 15 லிட்டர் வரும். 10 லிட்டருக்குக் கீழே போனால் உள்ளே வாஷர் தேய்ந்திருக்க வாய்ப்புண்டு. அடுத்து, அரை மணி நேரம் யாரும் தொடாமல் விட்டுவிட்டு மீண்டும் அடியுங்கள். ஐந்து அடிக்குள் தண்ணீர் வந்துவிட வேண்டும். அதற்கு மேல் ஆனால், குழாயின் அடியில் தண்ணீர் கீழிறங்காமல் தடுக்கும் அடிவால்விலோ குழாய் இணைப்பிலோ கசிவு இருக்கிறது. கசியும் குழாயில் ஒவ்வொரு குழந்தையும் கூடுதலாக அடிக்கும் வெற்று அடிகள்தாம் வரிசையை நீட்டுகின்றன என்பதை யாரும் கவனிப்பதில்லை.

தண்ணீர் செந்நிறமாக வந்தால் அதற்கு வேறு கதை உண்டு. உகாண்டாவின் பல பகுதிகளில் நிலத்தடி நீர் சற்றே அமிலத்தன்மை கொண்டது. இரும்புக் குழாய்களை அது அரித்து, துருவைத் தண்ணீரில் கலந்துவிடுகிறது. துணி மஞ்சளாகும், சமைத்த உணவின் நிறம் மாறும், வாயில் துரு கரிக்கும். வீட்டுக்காரி அந்தக் குழாயைக் கைவிட்டுக் குழந்தையை மீண்டும் சதுப்பு நிலத்துக்கு அனுப்புவாள்; வெளியிலிருந்து வந்தவர் அதை அறியாமை என்று எழுதுவார். அரிக்காத எஃகுக் குழாய்களையோ பிளாஸ்டிக் குழாய்களையோ மாற்றிப் போடுவதே இதற்குத் தீர்வு. இந்த ஊர்களில் சுகாதாரப் பிரச்சாரத்தால் ஒன்றும் நடக்காது.

தூரம்தான் சிக்கல் என்று நோட்டு சொன்னால் அப்போது புதிய நீராதாரத்தைப் பற்றிப் பேசலாம். அதிலும் ஆழ்துளைக் கிணற்றுக்கு முன், ஊருக்கு அருகில் மலைச்சரிவில் ஊற்று ஏதேனும் உண்டா என்று வயதானவர்களிடம் விசாரியுங்கள். ஊற்றின் கண்ணைச் சுற்றிக் கல்லும் சரளையும் நிரப்பி, மேலே களிமண்ணால் மூடி, சுவர் கட்டி, அதில் குழாய் பதித்துவிட்டால் தண்ணீர் தானாக வந்து விழும். கைப்பிடியும் இல்லை, வாஷரும் இல்லை. சுவருக்கு மேல்புறம் மழைநீரைத் திருப்பிவிடும் வாய்க்காலும், கால்நடை நுழையாத வேலியும், கீழே வழுக்காத படிகளும் அவசியம். மழைக்காலத்தில் அந்தப் படிகளில்தான் அடி வழுக்குகிறது. 2020இல் வெளியான, 21 நாடுகளைச் சேர்ந்த குடும்பங்களிடம் நடத்தப்பட்ட ஆய்வில் 13 விழுக்காட்டினர் தண்ணீர் எடுக்கும்போது காயம் பட்டதாகச் சொன்னார்கள். விழுவதே அதில் முதன்மையான காரணம்.

ஒரு எச்சரிக்கையையும் இங்கே சொல்லிவிடுகிறேன். குழந்தைகள் சுற்றி விளையாடும் ராட்டினத்தைப் பம்போடு இணைத்தால் விளையாட்டும் ஆகும், தண்ணீரும் ஆகும் என்ற எண்ணத்தில் தென்னாப்பிரிக்காவில் உருவான பிளேபம்ப் 2000களின் நடுவில் உலகெங்கும் பாராட்டப்பட்டது. அமெரிக்காவிலிருந்து பெரும் நிதி அறிவிக்கப்பட்டது. களத்தில், குழந்தைகள் ஆடி முடித்த பிறகு வயதான பெண்கள் அந்த இரும்புச் சக்கரத்தைக் குனிந்து தள்ள வேண்டியதாயிற்று. பல இடங்களில் முன்பு நன்றாக ஓடிய அடிகுழாயைக் கழற்றிவிட்டுத்தான் இதை வைத்திருந்தார்கள். குழந்தையின் உழைப்பை மறைத்துக் காட்டும் எந்தக் கருவியையும் சந்தேகத்தோடு பாருங்கள்.

இன்றே குறைக்கக்கூடிய பாரம்

கிணறு வர மாதங்கள் ஆகும், ஆண்டுகளும் ஆகலாம். நாளைக் காலையிலும் அந்தச் சிறுமி கேனோடு கிளம்பத்தான் போகிறாள். அதனால் பாரத்தை இன்றே குறைக்கும் வழிகளைத் தள்ளிப்போட வேண்டாம்.

கேனின் அளவே முதலில் மாற வேண்டியது. உகாண்டாவின் கடைகளில் 3, 5, 10, 20 லிட்டர் கேன்கள் கிடைக்கின்றன. வளரும் குழந்தை தலையில் சுமக்கத்தக்க எடை இதுதான் என்று எல்லோரும் ஏற்ற அளவு ஒன்றும் இல்லை. பள்ளிப் பைக்கு நம் நாட்டில் 2020இல் வகுத்த கொள்கை உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு என்கிறது. அதைத் தண்ணீருக்குப் பொருத்தினால் 30 கிலோ எடையுள்ள குழந்தை 3 லிட்டரைத்தான் தூக்கலாம், அது அந்த ஊர் வாழ்க்கையில் நடக்காது. என் சொந்தக் கணிப்பில், எட்டு வயதுக்குக் கீழே 3 லிட்டரும், பன்னிரண்டு வயதுவரை 5 லிட்டரும், அதற்கு மேல் 10 லிட்டரும் என்று ஒரு வீட்டில் பேசி முடிவு செய்ய முடிந்தாலே பெரிய முன்னேற்றம். 20 லிட்டர்க் கேனைக் குழந்தையிடம் கொடுத்துவிட்டுப் பாதி நிரப்பு என்று சொல்வது பயன் தராது. பாதி நிரம்பிய கேனில் தண்ணீர் அலைந்து கழுத்தை ஆட்டும். இன்னொரு நடையைத் தவிர்க்க வேண்டி குழந்தையே அதை நிரப்பிவிடும்.

தலையில் வைக்கும் சும்மாடு, உகாண்டாவில் பரவலாகப் பேசப்படும் லுகாண்டா மொழியில் என்காட்டா எனப்படுகிறது. வாழைச் சருகை முறுக்கிச் செய்வார்கள். அது தட்டையாகவும் அகலமாகவும் இருந்தால் பாரம் ஓரிடத்தில் அழுத்தாது. தலைச்சுமையில் கழுத்துக்கு மிகுந்த ஆபத்து நடக்கும்போது வருவதில்லை; தரையிலிருந்து தனியாகத் தூக்கித் தலைக்கு ஏற்றும்போதும், இறக்கும்போதும்தான் வருகிறது. ஆகவே நீர் எடுக்கும் இடத்தில் குழந்தையின் இடுப்பு உயரத்துக்கு ஒரு திண்ணையும், அதைவிடச் சற்று உயரமாக இன்னொன்றும் கட்டிவிடுங்கள். வழியில் மேடு ஏறும் இடத்தில் ஒரு சுமைதாங்கி. பாரம் சுமப்போருக்காகச் சாலையோரம் சுமைதாங்கிக் கல் நட்டுவைப்பது தமிழகத்தில் அறமாகக் கருதப்பட்டது. செங்கல்லும் சிமென்ட்டும் வைத்து இரண்டு நாளில் கட்டிவிடக்கூடிய அந்த மேடையை ஏனோ எந்தத் திட்ட அறிக்கையிலும் காண முடிவதில்லை.

எத்தியோப்பியாவில் கேனைக் கயிற்றால் முதுகில் கட்டிக்கொள்வார்கள். அங்கே அகலமான துணிப் பட்டை கொண்டு தோளில் மாட்டும்படி செய்துகொடுப்பது நல்லது. மெல்லிய கயிறு மார்பை அறுக்கும்.

இதற்கும் மேலே போனால் சக்கரம். ஒரு சைக்கிள் மூன்று நான்கு கேன்களைச் சுமக்கும். ஒரு கழுதையும் நான்கு கேன் சுமக்கும். தென்னாப்பிரிக்காவில் 1990களில் உருவான உருளைத் தொட்டி 90 லிட்டரைத் தரையில் உருட்டிச் செல்ல உதவுகிறது. சமதளத்தில் நன்று, கல்லும் மேடுமான ஒற்றையடிப் பாதையில் கடினம், விலையும் அதிகம். சைக்கிளில் எனக்குப் பிடித்தது இன்னொன்று: தலைச்சுமை பெண்களின் வேலை என்று ஒதுங்கும் ஆண்கள், சைக்கிள் என்றதும் தாமே தண்ணீர் எடுக்கக் கிளம்பிவிடுகிறார்கள். ஊர்க் குழுவிடம் கேட்டு நான்கு வீட்டுக்கு ஒரு சைக்கிள் என்று ஏற்பாடு செய்தால், யார் ஓட்டுவது என்பதையும் அப்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நேரத்தையும் பேசித் தீர்க்கலாம். கேன்களை வரிசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போகும் வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. ஒவ்வொரு வீடும் தன் கேனில் பெயிண்ட் அடையாளம் போட்டிருக்கும். பெரியவர்கள் வந்தால் குழந்தைகளின் கேன்கள் பின்னுக்குத் தள்ளப்படும். காலை 6 முதல் 7 மணிவரை பள்ளிக் குழந்தைகளின் கேன்களுக்கே முதலிடம் என்று ஒரு விதியை ஊர்க் கூட்டத்தில் நிறைவேற்றினால் ஒரு பைசாச் செலவின்றி வகுப்பு நேரம் மிச்சமாகும். இருட்டில் தனியாகப் பெண் குழந்தைகளை அனுப்புவதில்லை என்பதும் அதே கூட்டத்தில் பேசப்பட வேண்டும். பள்ளிகளில் பேசும்போது, மாணவர்களே பள்ளிக்கும் தண்ணீர் கொண்டுவர வேண்டும் என்ற வழக்கம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். இருந்தால் அந்தக் கேனும் உங்கள் கணக்கில் சேர வேண்டும்.

ஏரியும் குளமும்

விக்டோரியா ஏரி, ஆல்பர்ட் ஏரி, நைல் கரையோரக் கிராமங்களில் கேனை நிரப்பக் குழந்தைகள் முழங்கால் ஆழத்துக்கு இறங்குவார்கள். நத்தைகளிலிருந்து வெளிப்படும் பில்ஹார்சியா புழுக்கள் தோலைத் துளைத்து உடலுக்குள் செல்வது அந்த நேரத்தில்தான். தண்ணீரைக் குடிக்காவிட்டாலும் இந்நோய் வரும் என்பதைப் பெற்றோருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும். கரையிலிருந்து ஆழத்துக்கு நீளும் பலகைப் பாலம் ஒன்று கட்டினால் காலை நனைக்காமல் நிரப்பலாம். உச்சி வெயில் நேரத்தில் புழுக்கள் மிகுதியாக வெளிவருவதால் அப்போது இறங்குவதைத் தவிர்க்கச் சொல்லுங்கள். எடுத்த தண்ணீரை இரண்டு நாள் மூடி வைத்தால் அதிலுள்ள புழுக்கள் இறந்துவிடும். குளிக்கவும் துவைக்கவும் அந்தத் தண்ணீரைப் பயன்படுத்தலாம். முதலை நடமாட்டம் உள்ள கரையில் கழிகளால் வேலி அடைத்த துறை ஒன்றைத் தவிர வேறெங்கும் குழந்தைகள் இறங்கக் கூடாது.

கேன் முதல் குவளை வரை

மேற்கு கென்யாவில் ஊற்றுகளைப் பாதுகாத்தபோது ஊற்றிலேயே எடுத்த தண்ணீரின் அசுத்தம் மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது; வீட்டில் இருந்த தண்ணீரில் குறைந்ததோ அதில் ஒரு பாதிக்கும் கீழ். இடையில் என்ன நடக்கிறது என்பது கேனைத் திறந்து உள்ளே பார்த்தால் புரியும். சுவரெல்லாம் வழுவழுப்பான பச்சைப் படலம். மூடி தொலைந்த கேனின் வாயில் முறுக்கிய இலை.

வாரம் ஒருமுறை, ஒரு கைப்பிடி சுத்தமான மணலும் சிறு கற்களும் சோப்பும் கொஞ்சம் தண்ணீரும் கேனுக்குள் போட்டு நன்றாகக் குலுக்கிக் கழுவிய பிறகு, குளோரின் கலந்த நீரை அரை மணி நேரம் ஊற்றி வைத்துக் கொட்டிவிட வேண்டும். பூச்சிமருந்தோ டீசலோ இருந்த கேனைக் கழுவினாலும் தண்ணீருக்குப் பயன்படுத்தக் கூடாது. மூடிகளை நூலால் கேனோடு கட்டிவிடுங்கள். இந்தப் பட்டியலிலேயே மிக மலிவான திருத்தம் அதுதான்.

குளோரின் மாத்திரை 20 லிட்டருக்கு ஒன்று என்ற அளவில் கிழக்கு ஆப்பிரிக்கக் கடைகளில் கிடைக்கிறது. சில ஊர்களில் நீர் எடுக்கும் இடத்திலேயே நீல நிறத் தொட்டி நிற்கும். திருகினால் ஒரு கேனுக்கான திரவக் குளோரின் விழும். நீர் எடுக்கும் இடத்திலேயே சேர்த்துவிட்டால், மருந்து வேலை செய்யத் தேவையான 30 நிமிடம் வழி நடையிலேயே கழிந்துவிடும், குழந்தை வீடு சேரும்போது தண்ணீர் குடிக்கத் தயாராக இருக்கும். 5 லிட்டர்க் கேனுக்கு 20 லிட்டர் மாத்திரையைப் போடக் கூடாது. சிறிய கேன்களுக்கு மாறச் சொன்னவர் நீங்கள் என்றால் அதற்கேற்ற அளவையும் நீங்கள்தான் கற்றுத்தர வேண்டும். கலங்கல் நீரை முதலில் தெளிய வைத்து, பல மடிப்புப் பருத்தித் துணியில் வடிகட்டி, பிறகு இரண்டு மடங்கு குளோரின் சேர்க்க வேண்டும். நம் பாட்டிமார் குடத்தின் உட்புறம் தேற்றாங்கொட்டையை உரசித் தெளிய வைத்ததைப் போல, சூடானில் நைல் நதிநீரை முருங்கை விதைப் பொடியால் தெளிய வைப்பார்கள். தெளிந்த நீர் கிருமி அற்றதாகிவிடாது என்பதால் குளோரின் அப்போதும் வேண்டும்.

கொதிக்க வைப்பது பாதுகாப்பானது. நன்றாகக் கொதித்த பின் ஒரு நிமிடம் போதும்; 2,000 மீட்டருக்கு மேலுள்ள மலைக் கிராமங்களில் மூன்று நிமிடம். ஆனால் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க ஏறத்தாழ ஒரு கிலோ விறகு தேவை என்று கணக்கிடுவார்கள், அந்த விறகைப் பொறுக்கி வருவதும் இதே குழந்தைதான். தண்ணீர் நடையைக் குறைத்துவிட்டு விறகு நடையைக் கூட்டாதீர்கள். விறகு அரிதான ஊரில், தெளிந்த நீரை இரண்டு லிட்டருக்கு மேற்படாத நிறமற்ற பெட் பாட்டில்களில் நிரப்பி, தகரக் கூரையில் 6 மணி நேரம் நல்ல வெயிலில் கிடத்தலாம். மேகமூட்டமாக இருந்தால் இரண்டு நாள்.

வீட்டில் குடிநீரைக் குளிர்ச்சிக்காக என்சுவா என்ற மண்பானையில் ஊற்றி வைப்பார்கள். அகன்ற வாயில் குவளையை விட்டு மொள்ளும்போது கையும் சேர்ந்து முங்குகிறது. குறுகிய வாயும் அடியில் குழாயும் உள்ள பானை கிடைத்தால் அதுவே சிறந்தது. கிடைக்காவிட்டால் நீண்ட கைப்பிடி அகப்பை ஒன்றைப் பானைக்கு மேல் தொங்கவிடுங்கள்.

தகரக் கூரை

மபாட்டி என்று அழைக்கப்படும் தகரக் கூரை வீடுகள் இப்போது கிராமங்களில் பெருகிவிட்டன. அவை மழைநீரைச் சேமிக்க ஏற்றவை. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் கிடைக்கும் என்பது அடிப்படைக் கணக்கு. சிந்தியும் ஆவியாகியும் போவதைக் கழித்தால் பத்துக்கு எட்டுப் பங்கு மிஞ்சும். 30 சதுர மீட்டர்க் கூரையில் 20 மில்லிமீட்டர் பெய்த ஒரு மழையில் 480 லிட்டர், அதாவது 24 கேன், அதாவது ஒரு குழந்தையின் 24 நடை. இந்தக் கணக்கை ஊர்க் கூட்டத்தில் கேன்களாகவே சொல்லுங்கள். முதல் சில நிமிடத் தண்ணீரைப் பறவை எச்சமும் தூசியும் போக வெளியே விட்டுவிட்டு, பிறகு தொட்டிக்குத் திருப்ப வேண்டும். ஒரு பக்கக் கூரைக்கு மட்டும் தகரப் பீலி வைத்து, ஒரு 200 லிட்டர் டிரம்மில் தொடங்கலாம். பெரிய தொட்டிக்குப் பணம் சேரும்வரை அதுவே மழை நாட்களில் பள்ளி நேரத்தைக் காப்பாற்றும்.

குழுவும் கட்டணமும்

பழுது பார்க்கப் பணம் இல்லாத அடிகுழாய் மீண்டும் பழுதாகும். நீர்ப் பயனாளர் குழு என்று ஒன்று பெரும்பாலும் காகிதத்திலாவது இருக்கும். அதில் பொருளாளராகவும் காப்பாளராகவும் பெண்கள் இருக்கிறார்களா, கணக்கு நோட்டு எல்லோரும் பார்க்கும்படி இருக்கிறதா, மெக்கானிக்கின் தொலைபேசி எண் யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். கட்டணம் வசூலிக்கும் முறையில் கவனம் வேண்டும். கேன் ஒன்றுக்கு இவ்வளவு என்று வைத்தால், கையில் காசில்லாத நாளில் ஏழை வீட்டுக் குழந்தை சதுப்புக் குட்டைக்குப் போய்விடும். அறுவடைக்குப் பின் மொத்தமாகவோ மாதத்துக்கு ஒருமுறையோ வீட்டுக்கு இவ்வளவு என்று வாங்கி, முதியவர் மட்டுமே உள்ள வீடுகளுக்கும் குழந்தைகளே தலைவராக உள்ள வீடுகளுக்கும் விலக்கு அளிப்பது நல்லது.

மீண்டும் அளப்பது

ஓராண்டு கழித்து, முதலில் அளந்த அதே மாதத்தில், அதே வீடுகளில், அதே ஐந்து நேரங்களை மீண்டும் எழுதுங்கள். ஒரு நடை 90 நிமிடத்திலிருந்து 25 நிமிடமாகக் குறைந்தும் வீட்டில் செலவாகும் தண்ணீரின் அளவு எதிர்பார்த்த அளவுக்குக் கூடவில்லை என்று கண்டால் பதற வேண்டாம். நடை ஏறத்தாழ 5 நிமிடத்திலிருந்து 30 நிமிடம் வரை எவ்வளவாக இருந்தாலும் வீடுகள் பயன்படுத்தும் தண்ணீரின் அளவில் பெரிய மாற்றம் வருவதில்லை என்பதும், தண்ணீர் வாசலுக்கே வந்த பிறகுதான் அது சட்டென்று உயர்கிறது என்பதும் இத்துறையில் நெடுநாளாகத் தெரிந்தவை. இடைப்பட்ட நிலையில் கிடைக்கும் லாபம் லிட்டரில் தெரியாது, நேரத்தில்தான் தெரியும். ஆகவே அந்த நேரம் எங்கே போனது என்று கேளுங்கள்: பள்ளி வருகைப் பதிவேட்டில் தாமதக் குறிகள் குறைந்தனவா, அல்லது மிச்சமான ஒரு மணி நேரம் அப்படியே விறகுக்கும் தோட்டத்து வேலைக்கும் மாறிவிட்டதா, கேன் இப்போது யார் தலையில் இருக்கிறது. இவற்றை நோட்டில் எழுதி, அந்த நோட்டைக் குழுவின் செயலாளரிடமே விட்டுவிட்டு வாருங்கள். அடுத்த வறட்சியில் அளக்க வேண்டியவர்கள் அவர்கள்தாம்.